வண்டு வளர்த்தவள்

அவளுக்குப் பூச்சியக்கா என்ற பெயர் பின்னால்தான் வந்தது. அதற்கு முன் நீர்த்தேக்கத்தில் களை வாரும் பெண்களில் ஒருத்தி, அவ்வளவே. எங்கிருந்தோ வந்து தண்ணீரையே மூடிவிட்ட மிதக்கும் செடி அது. இலை முழுக்க ரோமம், தண்ணீர் ஒட்டாது. கிள்ளுத் துண்டு தப்பினாலும் மறுபடி படர்ந்துவிடும். இடுப்பளவு நீரில் நின்று வலையால் இழுத்துக் கரையில் கொட்டுவார்கள்.

"இது தானும் சாகாது, நம்மளயும் நிம்மதியா இருக்க விடாது," என்பாள் கூடவே வேலை பார்த்த அவள் நாத்தனார்.

அந்தச் செடியை மட்டுமே தின்னும் கூன்வண்டுகளை ஓர் அதிகாரி கொண்டுவந்து, வளர்க்க ஆள் கேட்டார். மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். முழங்கால் வலியோடு தண்ணீரில் நின்று அலுத்துப்போயிருந்த இவள் சரி என்றாள். பம்ப் அறைக்குப் பின்னால் தொட்டிகள் வைத்தார்கள். இளசான செடியாகப் பொறுக்கிப் போட்டு, வெயில் ஏறினால் ஈரச்சாக்கு போர்த்தி, எள்ளளவு வண்டுகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள்.

"புள்ளைங்களுக்குச் சாப்பாடு போட்டீங்களா அண்ணி?"

"போட்டேன். உன்ன மாதிரி குறை சொல்லாம சாப்பிடுதுங்க."

வண்டுகளை நீரில் விட்ட முதல் வருஷம் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மழைக்குப் பின் செடி பழுப்பேறி, பாய் பாயாக அறுந்து மூழ்கியது. வெறும் தண்ணீர் தெரிந்தது. நாத்தனாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். அவள் பார்த்தாள், திரும்பிப் போனாள்.

வாருவதற்குக் களை இல்லையென்று பெண்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வேறொரு நீர்த்தேக்கத்துக்கு வண்டு அனுப்ப வேண்டும் என்று பூச்சியக்காவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்காக அதிகாரியிடம் போய் நின்றாள். "பாக்கலாம்மா," என்றார். அவர் பார்க்கவே இல்லை.

நாத்தனார் வீட்டுக்குப் போனாள். உள்ளே வா என்ற பேச்சில்லை.

"களை ஒழியணும்னு நீயும்தானே சொன்ன?"

"சொன்னேன். ஒழிஞ்சிடும்னு யாரு நெனச்சா? நீ நெனச்சிருக்க." அண்ணி என்று கூப்பிடவில்லை.

அந்த இன்னொரு நீர்த்தேக்கமும் தெளிந்த பிறகு பூச்சியக்காவையும் போகச் சொன்னார்கள். தொட்டிகளைக் கவிழ்த்துவிட்டுப் போகும்படி உத்தரவு. கவிழ்த்தாள்.

இப்போது அவள் களை வாரிய நீர்த்தேக்கத்தில் படகுச் சவாரி நடக்கிறது. வருகிறவர்களுக்காகக் கட்டிய கழிவறையைக் கழுவுவது அவள் வேலை. நாத்தனார் மகள் கல்யாணம் முடிந்ததைக்கூட டிக்கெட் கொடுப்பவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.