அக்காவின் பாதமும் பேபியின் கையும்

எங்கள் அக்கா கண் மூடி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினரும் நண்பர்களும் அக்காவின் நல்ல குணங்களை அறிவீர்கள். என் கெட்ட குணம் ஒன்றையும் இன்று அறிந்துகொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது நூம்பலில். பெற்றோர் கழனி வேலைக்குப் போனவர்கள். அவர்கள் அடுத்தடுத்து மறைந்தபின், அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் வேலைக்குச் சேர்ந்து என்னைப் படிக்கவைத்தார். தன் கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். என்னை மட்டும், நாங்கள் குடிவந்த கொரட்டூரிலேயே, தன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் கட்டிக்கொடுத்தார்.

எண்பதுகளின் கடைசியில் அக்காவுக்குக் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. ஒரு நாள் ஸ்டேஷனிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார். மற்றது கழன்றதே தெரியவில்லையாம். விரல்களிலும் வலு குறைந்து, வேலையை விட்டார். குமணன்சாவடி ஆயுர்வேத வைத்தியரிடம் அவரை அழைத்துப்போனது நானல்ல, கம்பெனியில் கூட வேலை பார்த்த பேபி. என் வயதுக்காரி. ஒரு மண்டலம் தைலம் தேய்த்து, மூலிகைக் கிழியால் ஒத்தடம் கொடுக்க வேண்டும், தேய்க்கிற கை மாறக் கூடாது என்றாராம் வைத்தியர். அக்கா யோசிக்கவே இல்லை. "பேபியே தேய்க்கட்டும்" என்றுவிட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. கூடப் பிறந்தவள் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, நேற்று வந்தவளுக்கு என்ன உரிமை? ஷிப்ட் முடிந்து பேபி வருவாள். உள்ளே இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்கும். என்ன என்று கேட்டால், "ஒண்ணும் இல்லடி, கம்பெனி கதை" என்பார் அக்கா.

ஒரு நாள் பேபிக்கு ஓவர்டைம். நான் ஓடிப்போய்க் கிழியைச் சூடாக்கி அக்காவின் பாதத்தில் வைத்தேன்.

"சூடு போதுமாக்கா?"

"ஒண்ணியும் தெரில. இன்னும் கொஞ்சம் சூடு பண்ணு."

பண்ணினேன். மரத்துப்போன காலிடம் போய்ச் சூடு போதுமா என்று கேட்ட அறிவாளி நான்! கொடுப்பவர் தன் கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று வைத்தியர் பேபியிடம் சொல்லியிருந்தார். நான் அவளிடம் போய்க் கேட்பேனா? மறுநாள் பாதமெல்லாம் கொப்புளம்.

மூவரும் வைத்தியரிடம் போனோம். அவர் பேபியைத்தான் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா, கைல வெச்சுப் பாத்துட்டுக் குடுன்னு சொன்னேனா இல்லியா?"

பேபி என்னைப் பார்த்தாள். "தப்புதான் சார். பாக்காம உட்டுட்டேன்" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவள் திட்டு வாங்கியது எனக்கு இனித்தது. திரும்பும்போது பஸ்ஸில் அக்கா பேபியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

புண் ஆறியதும் பேபி மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கினாள். முழுக்கக் குணமாகவில்லை என்றாலும், சுவரைப் பிடிக்காமல் நடக்கும் அளவுக்கு அக்கா தேறினார்.

சில ஆண்டுகள் கழித்து நெஞ்சுவலியில் படுத்தபோது, நான்தான் கால் பிடித்துவிட்டேன். கண்ணைத் திறக்காமலே அக்கா, "இது பேபி கை இல்ல" என்றார்.

"நான்தான்க்கா."

"தெரீது. அந்த ஒத்தட விஷயத்த அவ இன்னிக்கு வரிக்கும் யாராண்டையும் சொல்லல. நீயாச்சும் சொல்லிடுடி."

அக்கா இருக்கும்வரை நான் சொல்லவில்லை.

வைத்தியருக்கும், இறுதி நாள்களில் உதவிய அக்கம்பக்கத்தாருக்கும், கம்பெனித் தோழியர்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பேபி, உனக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். அக்காவுக்கு என்னைவிட உன்னைப் பிடித்திருந்தது. அதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. நீ என்னை மன்னித்துவிடு.