கதை இல்லாத லெஃப்ட் பேக்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மலையாண்டி மீசையை இரண்டு தடவை ஒதுக்கினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தார். பிறகு சிரிக்காமலும் பார்த்தார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த நாகவல்லி, "பொண்ணு பாக்கவா கெளம்புறீக?" என்று கேட்டுவிட்டு, தானும் ஒரு நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

நாச்சியாபுரம் செம்பருந்து கால்பந்துக் கழகத்துக்கு அது நாற்பதாவது வருஷம். இத்தனை காலம் ஆடினவர்களில் பதினொரு பேரை ரசிகர்களே பொறுக்கி எடுத்து, மைதான வாசலில் ஆளுயரத்துக்கு ஃபிளெக்ஸ் வைப்பதென்று ஏற்பாடு. முதலில் வாட்ஸப்பில் ஓட்டெடுப்பு நடத்திப் பார்த்தார்கள். அவரவர் அப்பாவுக்கும் மாமனுக்கும் மச்சானுக்கும் குத்தியதில் ஊரில் பாதிப் பேர் முதலிடத்தில் வந்து நின்றார்கள். கழகத்தின் செயலாளர் ஸ்ரீதருக்குக் காரைக்குடியில் செல்போன் கடை. தினமும் நூறு சண்டையைப் பார்க்கிறவன். அவன்தான் புது விதி போட்டான். ஒருவர் பேரை முன்மொழிகிறவர், அந்த ஆள் களத்தில் செய்த காரியம் ஒன்றையாவது மைக்கில் சொல்ல வேண்டும். கேட்டு முடித்ததும் கூட்டம் வாயடைத்துப் போக வேண்டும். யாராவது ஒருத்தர் "இதென்ன பெருசு" என்றால் பேர் போச்சு. சொந்த வீட்டு ஆள் சாட்சி சொல்ல வரக்கூடாது.

விதியைக் கேட்டதிலிருந்தே மலையாண்டி, தன்னைப் பற்றிச் சொல்ல ஏதாவது உண்டா என்று தேடிக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் கைவிட்டதும் அப்பாவோடு உளி பிடிக்கப் போனவர் அவர். இன்றைக்குக் காரைக்குடியில் எத்தனையோ அடுப்படிகளில் அவர் செய்த அலமாரிதான். பகலெல்லாம் ரம்பம், சாயங்காலமானால் பந்து என்று முழங்கால் மக்கர் பண்ணும்வரை செம்பருந்துக்கு, கோலுக்கு முன்னால் இடது ஓரத்தைக் காக்கிற லெஃப்ட் பேக் ஆடினார். ஆடினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அத்தனை வருஷத்திலும் வர்ணனை சொல்கிற மைக் ஒரு தடவைகூட அவர் பேரை உச்சரித்ததில்லை. பந்து எங்கே போகிறதோ அங்கேதான் மைக்கும் போகும். அவர் நின்ற பக்கம் பந்து வரவே வராது. 'நாம ஆடுனோமா, சும்மா நின்னுட்டு வந்தோமா?' அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்டதில்லை. ராத்திரி புரண்டு படுக்கும்போது தன்னையே கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். டீ, வடை, மைக் என்று ஒரு குறையும் இல்லை. மலையாண்டி கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நாகவல்லி முன்வரிசைக்குப் போய்விட்டாள்.

முதலில் கோல் காத்த கோலி கண்ணன். அடைமழை நாளில் எதிரே நிற்கிற ஆள் தெரியாதபோது, பந்து காற்றைக் கிழிக்கிற சத்தத்தை வைத்தே அவர் பிடித்தாராம். ஒன்றைப் பிடித்து நெஞ்சில் அணைத்த கையோடு இன்னொன்றையும் பிடித்தாராம். இரண்டாவது பந்து பக்கத்துத் திடலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உதைத்தது. கூட்டம் வாயடைத்தது. கண்ணன் உள்ளே.

அடுத்து சென்டர் பார்வர்டு கருத்தையா. அவர் உதைத்த பந்து மேலே போனது போனதுதான். ரெப்ரி கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார், கழுத்து வலித்ததும் இடைவேளை விசிலை ஊதிவிட்டார். இரண்டு அணியும் சோடா குடித்து, வாயைத் துடைத்து, களத்துக்குத் திரும்பிய பிறகு பந்து இறங்கியது. இறங்கினது நேரே கோலுக்குள். அது முதல் பாதிக் கணக்கா, இரண்டாம் பாதிக் கணக்கா என்பது இன்னும் தீரவில்லை. கதைக்குச் சொந்தக்காரரான கருத்தையா முன்வரிசையில் கால் மேல் கால் போட்டு, யாரோ ஒரு மகானைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ரைட் விங் சிவபிரகாஷ் ஓடின வேகத்தில் கிளம்பின புழுதி, அவர் கோல் போட்டுத் திரும்பி வரும்போதுதான் எதிரே வந்ததாம். அவரும் உள்ளே. இப்படியே பத்து இடம் மளமளவென்று நிரம்பியது.

"லெஃப்ட் பேக்" என்றான் ஸ்ரீதர்.

"நம்ம மலையாண்டிதான். வேற யாரு இருந்தா?" என்று ஒருவர் எழுந்து மைக்கை வாங்கினார். வாங்கினவர் யோசித்தார். தொண்டையைச் செருமினார். மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அவரும் யோசித்து இன்னொருவரிடம் கொடுத்தார். மைக் கைமாறிக்கொண்டே வந்தது, கதை மட்டும் வரவில்லை.

"நல்ல மனுசன்" என்றார் ஒருவர்.

"நல்ல மனுசனுக்கு வேற ஃபிளெக்ஸ் வைப்போம். ஆட்டத்துல என்ன செஞ்சாரு, அதச் சொல்லுங்க" என்றான் ஸ்ரீதர்.

மலையாண்டி தரையைப் பார்த்தபடி இருந்தார். ராத்திரி தன்னைத் தானே கேட்ட கேள்விக்குப் பட்டப்பகலில் ஊரே பதில் சொல்லிவிட்டதாக அவருக்குப் பட்டது. மெல்ல எழுந்து போய்விடலாம் என்று செருப்பைத் துழாவும்போதுதான் மைக்கில் நாகவல்லியின் குரல் கேட்டது.

"நான் ஒண்ணு சொல்றேன். கல்யாணத்துக்கு முன்னால நான் ஆட்டம் பாக்க வருவேன்னு இவரு இன்னைக்கு வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருக்காரு. நான் வந்தது ஆடு மேய்க்க."

பந்தல் சிரித்தது. மலையாண்டியின் கை செருப்பிலேயே நின்றுவிட்டது.

"சிரிக்காதீக. இந்தப் பொட்டல்ல புல்லு கெடந்தது ரெண்டு மூலையிலதான். மத்ததெல்லாம் மிதிபட்டுக் கட்டாந்தரை. முன்பாதியில ஒண்ணு, பின்பாதியில ஒண்ணுன்னு இவரு நிக்கிற மூலையில மட்டும் முழங்கால் உசரத்துக்குப் பச்சைப்பசேல்னு இருக்கும். பந்து பட்டா ஆடு செதறிரும்னு எங்கம்மா வைவாக. இவருக்குப் பின்னால விட்டா அந்தப் பயமே இல்ல. இடைவேளை முடிஞ்சு இவரு அங்குட்டு மாறுனா ஆட்டை ஓட்டிக்கிட்டு நானும் அங்குட்டு போயிருவேன். போகப் போக நான் ஓட்டக்கூட வேண்டாம். விசில் ஊதினதும் ஆடுகளே எந்திரிச்சு, மைதானத்தைச் சுத்திக்கிட்டு எதிர்மூலைக்குப் போயிரும். சினை ஆடுகூடப் பயப்படாமப் படுத்துக் கெடக்கும். இவரு பொண்ணு கேட்டு வந்தப்ப எங்கப்பாட்ட நான் சரின்னு சொன்னதே அதை வச்சுத்தான்."

கூட்டம் வாயைத் திறக்க மறந்தது. கருத்தையாதான் முதலில் சுதாரித்தார். "பொண்டாட்டி சாட்சி செல்லாதுப்பா. விதி இருக்குல்ல?"

"அப்ப அவுகளுக்குக் கல்யாணம் ஆகலையே, மாமா" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"சாட்சி சொல்றது இப்பல்ல?"

"ஆட்டைக் கூப்பிட்டுக் கேப்பமா?"

ஸ்ரீதர் தலையைச் சொறிந்தான். அப்போது மேடையில் சிறப்பு விருந்தினர் நாற்காலியில் இருந்தவர் எழுந்தார். தேவகோட்டை அணியின் பழைய ரைட் விங் சேதுபதி அவர், மலையாண்டி காக்கிற ஓரமாகவே ஓடி வர வேண்டியவர். அந்தக் காலத்தில் அவர் பந்தோடு ஓடினால், பஸ்ஸில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்ப்பார்களாம். சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு மைக் முன்னால் வந்தார்.

"நான் உங்க ஊருக்காரனும் இல்ல, அவரு வீட்டு ஆளும் இல்ல. நான் சொல்லலாமா?"

"சொல்லுங்கண்ணே" என்றான் ஸ்ரீதர்.

"எங்கிட்டயும் கதை இல்ல. அதைச் சொல்லத்தான் எந்திரிச்சேன். இவருக்கு எதிரா வருசக்கணக்கா ஆடியிருக்கேன். கோலுக்கு அந்தப் பக்கத்து மூலையில ஒரு கொடி நட்டிருப்பாகல்ல, அது என்ன கலருன்னு கேட்டா எனக்குத் தெரியாது. நான் அங்க போனதே இல்ல."

"இந்த மைதானத்துலதானேண்ணே?"

"எங்க ஊரு மைதானத்துலயுந்தான். நான் பொறந்து வளந்த எடம். மத்த நாள்ல கண்ணைக் கட்டி விட்டாலும் போயிருவேன். இவரு வந்து நின்னா, அப்படி ஒரு மூலை இருந்துச்சாங்கிறதே எனக்கு மறந்துபோகும்."

"காலை விட்டாரா, இடிச்சாரா, என்னதான் பண்ணுவாரு?" கருத்தையா விடவில்லை.

"ஒரு நாளும் தொட்டதில்ல. நான் பந்தோட ஓடுவேன். இவரு பக்கத்துலயே வருவாரு, கல்யாண வீட்டுல பந்திக்குக் கூட்டிக்கிட்டுப் போற மாதிரி அவ்வளவு மரியாதையா. கொஞ்ச நேரங்கழிச்சுப் பாத்தா நான் கோட்டுக்கு வெளிய நிப்பேன். பந்து எனக்கு முன்னாலயே வெளிய போயிருக்கும். அப்புறம் எங்க ஆளுக எனக்குப் பந்து தர்றதையே விட்டுட்டாக. இவரு பக்கம் பந்து வரலைன்னா பேசுறீக? அங்குட்டு அனுப்பக் கூடாதுன்னு நாங்கதானய்யா பேசி வச்சுக்கிட்டோம். சுத்துவட்டாரத்துல எல்லா டீமும் அப்படித்தான்."

அதற்குமேல் பேச்சு எழவில்லை. வடைச் சட்டியின் சடசடப்புக்கூட நின்றுபோனதாகச் சொல்வார்கள். எண்ணெய் அப்படியே அடங்கிவிட்டதாம், நெருப்பு எரிந்துகொண்டுதான் இருந்ததாம். கருத்தையா கால் மேல் போட்டிருந்த காலை இறக்கி வைத்தார்.

"லெஃப்ட் பேக், மலையாண்டி" என்றான் ஸ்ரீதர்.

நாலு மூலையில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரும் அந்தப் பேரை வாங்கிச் சொன்னது. மலையாண்டி துழாவிய செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார். இத்தனை வருஷமும் தனக்கு முன்னால் வெறிச்சென்று கிடந்த அந்த நிலத்தை, பந்தலுக்கு வெளியே இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சும்மா கிடந்ததில்லை. அவ்வளவு பேர் பயந்து ஒதுக்கி வைத்த இடம். அதில் தான் ஒற்றை ஆளாக நின்றிருக்கிறோம் என்ற நினைப்பில் அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

சாப்பாட்டுக்குக் கூப்பிடும் நேரத்தில் சேதுபதி அவரிடம் வந்தார். "அண்ணே, அந்த மூலையை ஒரு தடவை பாத்துட்டுப் போறேனே."

"தாராளமா வாங்க. வெயிலா இருக்கு, பாத்து நடங்க."

இரண்டு பேரும் வெயிலில் இறங்கினார்கள். விழாவுக்காக மைதானத்துக்குப் புதுசாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். சேதுபதி மூலைக்கொடியைக் குறி வைத்து நேராகத்தான் நடந்தார். மலையாண்டி மரியாதைக்குக் கூடப் போனார், கோல் இருக்கிற பக்கமாக, அரை அடி முன்னால். முழங்கால் வலிக்கு என்ன தைலம் தேய்க்கிறீர்கள் என்று விசாரித்தார். மகனுக்கு எங்கே வேலை என்று கேட்டார். பந்தலில் ஒவ்வொருவராக எழுந்து நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். சாம்பார் வாளியோடு வந்தவனும் நின்றுவிட்டான்.

"சர்க்கரை கிர்க்கரை உண்டா உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்த மலையாண்டி, பதில் வராததால் திரும்பிப் பார்த்தார்.

சேதுபதி நின்றுபோயிருந்தார். மூலைக்கொடி இன்னும் தள்ளி, எட்டாத தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கோடு மலையாண்டியின் செருப்புக்கு அந்தண்டை இருந்தது. அந்தக் கோட்டுக்கும் வெளியே நின்ற சேதுபதி தன் பாதத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு பந்தலை நோக்கிக் கையை விரித்து, "பாத்தீகளா?" என்றார்.