விசிலடித்து வந்த இருபத்திரண்டு

நேற்று ராசா கடைத்தெருவில் வடை வாங்க நின்றபோது, ஒரு பழைய லோரி முகத்திலேயே கரும்புகையை விட்டுப் போனது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் நன்றாக இழுத்துக்கொண்டேன். "அம்மா, இருமல் வந்துரும்லா!" என்று கத்தினாள். எனக்கு அது டீசல் இஞ்சின் வாசனை, இளவயதில் நான் வேலை செய்த லாபு தோட்டத்து வாசனை.

எங்கள் ரப்பர் காட்டை ஒட்டித்தான் ரயில் பாதை. காலையில் மரப்பட்டையை வெட்டி, பால் எடுத்து, நிறுக்கும் கொட்டகையில் வரிசையாக நிற்கும்போது சரக்கு ரயில் வரும். எங்களில் நாலைந்து பேருக்கு இஞ்சின் பைத்தியம். நம்பரில் முதல் எண் இரண்டு என்றால் டீசல். அடுத்த எண் தலைமுறையைச் சொல்லும். இருபது மூத்தது, இருபத்திரண்டு நடுவில், இருபத்துமூன்று அப்போது புதுசு. நம்பர் கண்ணில் படுவதற்குள் சரியாகச் சொன்னவர், லோரி ஓட்டும் மணியம் அண்ணனின் நோட்டில் எழுதலாம். எனக்கு மட்டும் அந்த நோட்டைத் தரமாட்டார்.

"பொம்பளப் புள்ளைக்கு இஞ்சின் எதுக்கு?" என்பார். பற்றிக்கொண்டு வரும். என் கையில் வெட்டுக் கத்தி இருந்தும் அவர் பிழைத்தது அவர் செய்த புண்ணியம்.

ஆண்கள் பெயிண்டைப் பார்த்துச் சொல்வார்கள். நான் குள்ளம், முன்னால் நிற்கும் முதுகுகள்தான் தெரியும். அதனால் எனக்குக் காதுதான் கதி. இருபத்திரண்டின் உறுமலுக்குள் மெல்லிய விசில் ஒன்று கேட்கும். இருபத்துமூன்றில் அது இல்லை.

ஒருநாள் தூரத்தில் பளபளவென்று புது நிறத்தில் ஒரு இஞ்சின். "இருபத்திமூணு!" என்று எல்லோரும் கத்தினார்கள். எனக்கு விசில் கேட்டது.

"இல்லண்ணே, இருபத்திரெண்டு. சட்டதான் புதுசு."

மணியம் அண்ணன் சிரித்தார். "தப்பா இருந்தா இனிமே வாயத் தொறக்கக் கூடாது. சரியா இருந்தா நோட்டு ஒனக்குத்தான்."

இஞ்சின் எங்கள் கொட்டகையைத் தாண்டியது. முதுகுகள் மெதுவாக விலகின. பக்கவாட்டில் பெரிதாக இருபத்திரண்டு! பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு நான் குதித்த குதியில் வேலையை மேற்பார்க்கும் மண்டோரே ஒதுங்கி நின்றார். அன்று நோட்டில் நான் அழுத்தி எழுதியது மூன்றாம் பக்கம்வரை பதிந்திருக்கிறது.

இப்போது லாபுவில் மின்சார ரயில் சத்தமில்லாமல் போகிறது. ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது. கொட்டகையும் இல்லை, மணியம் அண்ணனும் இல்லை. நோட்டு என் அலமாரியில் இருக்கிறது. அந்த நாளுக்குப் பிந்தைய பக்கங்களில் அவர் கையெழுத்தும் உண்டு, ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்டு வாங்கி எழுதியது.