பிரின்சி கழித்துக் கட்டிய டிரம்கள்

பிரின்சிக்கு இந்த உலகத்தில் மதிப்பு வைக்கத் தோன்றிய ஆட்களை ஒரு கையில் எண்ணிவிடலாம், அதிலும் இரண்டு விரல் மிச்சமிருக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் டிரம் செய்கிற கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷமாக அரவை மெஷினில் நிற்கிறவள் அவள். கோணலாக வந்த டிரம், வாய் உடைந்தது, அடி கிழிந்தது, வாடிக்கைக் கம்பெனிகள் உபயோகித்துவிட்டுத் திருப்பி அனுப்பிய பழசு எல்லாம் கடைசியில் அவளிடம்தான் வரும். ரகம் பிரித்து, ரம்பத்தால் அறுத்து, மெஷினில் போட்டு நொறுக்க வேண்டும். ஒருத்தன் இருநூறு லிட்டர் டிரம்மில் எதை வைத்திருந்தான், எவ்வளவு நாள் வைத்திருந்தான் என்பதை மூடியைத் திறந்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். ஆனால் அவளை யாரும் கேட்டதில்லை. கேட்காதவர்கள் எல்லாரும் மடையர்கள் என்பது அவள் கட்சி.

அனுப்பம்பட்டுக்குப் பக்கத்தில் பிறந்தவள். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலி. அந்த நிலத்தில் இப்போது கிடங்குகள் நிற்கின்றன. "பச்சைப் பசேல்னு இருந்த பூமி போச்சே" என்று யாராவது ரயிலில் பெருமூச்சு விட்டால் பிரின்சிக்குப் பற்றிக்கொண்டு வரும். "உனுக்கு இன்னா போச்சு? குனிஞ்சு நாத்து நட்டது எங்கம்மா. நீ வரப்புல நின்னு வேடிக்கை பாத்தவன்" என்பாள். எதிரில் உட்கார்ந்தவர் அடுத்த ஸ்டேஷனில் வேறு பெட்டிக்கு மாறிவிடுவார்.

டிரம் விஷயத்தில் அவளுக்கு மூக்கு வந்தது சும்மா இல்லை. கல்யாணமான மூன்றாம் வருஷம், புருஷன் எட்வர்ட் காயலான் கடையில் ஒரு நீல டிரம்மைப் பிடித்துக்கொண்டு வந்தான். குடிதண்ணீர் ரொப்பி வைத்தார்கள். நாலு தரம் சோப்புப் போட்டு, இரண்டு தரம் வெந்நீர் ஊற்றித் தேய்த்த டிரம்தான். ஒரு வாரத்தில் வடித்த சோறு என்னமோ மாதிரி நாறியது. இரண்டு பேருக்கும் வாயெல்லாம் புண். கைக்குழந்தை சோனியாவுக்கு உடம்பு முழுக்கத் தடிப்பு. பத்து நாள் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். டிரம் ஆலையில் வேலை செய்கிறவள் வீட்டிலேயே இந்தக் கூத்து. அன்றைக்குத் தன்னைத் தானே திட்டிக்கொண்டது போல் அவள் வேறு யாரையும் திட்டியதில்லை, வசந்தகுமார் வரும்வரை.

வசந்தகுமார் முதலாளியின் மாப்பிள்ளை. ஜெனரல் மேனேஜர் என்று பலகை மாட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிளாஸ்டிக்கைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அது தண்ணீரில் மிதக்கும் என்பதுதான் என்று பிரின்சி சொல்லுவாள். ஜப்பான் கம்பெனி ஒன்றிலிருந்து ஆர்டர் பேச ஆட்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. வரவேற்பறையில் எட்டடி நீளத்துக்குக் கடல் மீன் தொட்டி. ஈசானிய மூலை பார்த்து வைத்தார்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள், மஞ்சள் மீன்கள், பூ மாதிரி விரிகிற ஒரு ஜந்து. ஆபரேட்டர்கள் ஆறு மாதமாகக் கேட்ட மின்விசிறி மட்டும் வரவில்லை.

கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தான் வேண்டும். அதைக் கொண்டுவர பழவேற்காட்டிலிருந்து அமானுல்லா என்று ஒருவரைப் பிடித்தார்கள். முகத்துவாரம் தாண்டிப் படகில் போய், தெளிந்த இடத்தில் அள்ளி, கேன்களில் அடைத்து மினி லாரியில் கொண்டுவருவார். சென்னை கொளத்தூரில் இருக்கிற வண்ண மீன் கடைகளுக்கும் அவர்தான் தண்ணீர் போடுகிறவர். முதல் தடவை வந்த தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் போனது. மீன்கள் மூன்று வாரம் ஜோராக நீந்தின. வாராவாரம் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் மாற்ற வேண்டும் என்றார்கள். வாராவாரம் லாரியைக் கூப்பிடுவானேன், மொத்தமாக வாங்கி டிரம்மில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

டிரம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பர்ச்சேஸ் வரதனுக்கு. டிரம் செய்கிற கம்பெனி. பத்தடி தள்ளிப் புதுச் சரக்கு அடுக்கடுக்காக நிற்கிறது. வரதன் அதைத் தொடவில்லை. அரவைக்கு வந்த பழசிலிருந்து ஆறு நீல டிரம்களை உருட்டிக்கொண்டு போனார்.

பிரின்சி வழியில் நின்றாள். "சார், இது எதுக்கு?"

"மீன் தண்ணிக்கும்மா. இன்னா, பாத்துக்கினு நிக்கிறே, தள்ளு."

"இதுல பூச்சிமருந்து கம்பெனிக்காரன் கரைசல் வெச்சிருந்தான் சார். சுவத்துக்குள்ளயே ஊறியிருக்கும். கழுவினாலும் போவாது."

வரதன் டிரம்மைக் கவிழ்த்து அடியில் இருந்த முக்கோணத்தைக் காட்டினார். "ரெண்டுன்னு போட்டுக்கீது பாரு. எச்டிபிஈ. சேஃப்டி."

"அது இன்னா பிளாஸ்டிக்குன்னு சொல்ற நம்பரு. உள்ள இன்னா இருந்துச்சுன்னு சொல்ற நம்பரு இல்ல."

சத்தம் கேட்டு வசந்தகுமார் மாடியிலிருந்து இறங்கி வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "நல்லா இருக்கே. ப்ளூ கலர், கடலுக்கும் மேட்ச் ஆகுது. ஏம்மா, நீ மெஷினைப் பாரு. டெக்னிக்கல் விஷயமெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

கடலுக்கு மேட்ச்! பிரின்சி மெஷினுக்குத் திரும்பிப் போய் அன்று முழுக்க அந்த வார்த்தையை வாய்க்குள் மென்றுகொண்டே டிரம் அறுத்தாள். புடவைக் கடையில் ஜாக்கெட் துணி பார்க்கிறவன் எல்லாம் ஆலை நடத்த வந்துவிட்டான்.

ஆறு டிரம்மையும் சோப்புத் தூள் போட்டுக் கழுவினார்கள். அந்த நாற்றம் போதாதென்று இது வேறு. தண்ணீர் பத்து நாள் அதில் நின்றது. திங்கட்கிழமை காலையில் தொட்டிக்கு மாற்றினார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் பூ மாதிரி விரிந்த ஜந்து சுருங்கி அழுகிய வெங்காயம் ஆனது. புதன்கிழமை மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தன.

சென்னையிலிருந்து ராபின் என்கிற நிபுணர் வரவழைக்கப்பட்டார். கண்ணாடிக் குழாயில் சொட்டு மருந்து விட்டுக் கலர் பார்த்தார். பேனா மாதிரி ஒரு கருவியை முக்கினார். உப்பு சரி, சூடு சரி என்றார். எல்லாம் சரியாக இருந்தால் செத்தது ஏன் என்று கேட்க அங்கே ஆளில்லை. "சோர்ஸ் வாட்டர்ல கன்டாமினேஷன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு நாஷ்டா சாப்பிட்டுக் கிளம்பினார். தண்ணீர் நின்ற டிரம்கள் பின்பக்கக் கொட்டகையில் இருந்தன. அந்தப் பக்கம் வெயில் என்பதால் அவர் போகவில்லை.

அமானுல்லாவை வரச் சொன்னார்கள். கேட்டுக்குள் வந்தவரை ஷிப்ட் மாறுகிற நேரத்தில், நூறு பேர் பார்க்க, நிறுத்தி வைத்து வசந்தகுமார் கத்தினான். "எந்தக் கழிவு வாய்க்கால்ல அள்ளினே? கொளத்தூர்ல ஒரு கடை விடாம போன் போட்டுச் சொல்றேன், இனிமே உன்கிட்ட எவனும் தண்ணி வாங்க மாட்டான்."

அமானுல்லாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "சார், அல்லா மேல ஆணை, கரையிலேருந்து ரொம்ப தூரம் போய்த்தான் அள்ளினேன். இதே தண்ணிதான் மத்தவங்களுக்கும் போட்டேன். அங்க ஒரு மீனும் சாவல சார்."

"பொய் சொல்லாதேய்யா!"

வீட்டுக்குக் கிளம்பி, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த பிரின்சி நின்றுவிட்டாள். ரயிலுக்கு இருபது நிமிஷம் இருந்தது. இன்னொருத்தர் தலையில் பழி போடுவதைப் பார்த்து மனம் இளகுகிற ரகம் இல்லை அவள். ஆனால் ஒரு முட்டாள்தனம் கண்ணெதிரே ஜெயித்துக்கொண்டு போவதைத் தாங்கிக்கொள்ள அவளால் முடியாது.

"சார், மொதல் வாட்டி இவரு தண்ணி நேரா தொட்டிக்குப் போச்சு. மூணு வாரம் மீன் செத்துச்சா?"

வசந்தகுமார் திரும்பினான். "உன்னை யார் கேட்டா?"

"டிரம்முல வெச்சு ஊத்தினப்புறம்தானே செத்துச்சு? அப்ப டிரம்மு மேலதானே சார் சந்தேகம் வரணும்? உங்களுக்கு வராட்டி போவுது, ஒரு டெஸ்ட்டு வெச்சிப் பாத்துரலாம். நம்ம கம்பெனி புது டிரம்மு ஒண்ணு, நீங்க வெச்சிருந்த டிரம்முல ஒண்ணு. பாய் ரெண்டுலயும் ஒரே தண்ணி ஊத்தட்டும்."

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். நூறு பேருக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்ல வசந்தகுமாருக்கு வாய் வரவில்லை. "செய்ங்க. உன் வேலை போச்சுன்னா என்னைக் கேட்கக் கூடாது" என்றான்.

புது டிரம்மை அவளே தேர்ந்தெடுத்தாள். அதற்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். கறுப்பு டிரம் பக்கமே போகவில்லை. அரைத்த பழசு எதையெல்லாம் கலந்து அந்தக் கறுப்புக்குள் ஒளிப்பார்கள் என்பது அரைக்கிறவளுக்குத் தெரியாதா? வெள்ளையில், புது மெட்டீரியலில் மட்டும் செய்தது, சாப்பாட்டுச் சரக்குக்கு என்று தனியாகப் போகிறது, அடியில் கிளாசும் முள்கரண்டியும் குறி போட்டது. அதிலும் மூன்றைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு மோந்து, இரண்டைத் தள்ளினாள். இரும்பு வளையம் போட்ட மூடி வேண்டாம், உப்புத் தண்ணிக்குத் துருப்பிடிக்கும் என்று பிளாஸ்டிக் திருகு மூடியாகப் பொறுக்கினாள். சோப்பும் மீனுக்கு விஷம்தான் என்று, சோப்பு படாமல் வெறும் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் ஊற வைத்துக் கொட்டினாள்.

அமானுல்லா புதிதாக அள்ளி வந்த தண்ணீரை இரண்டு டிரம்மிலும் சரிபாதியாக ஊற்றினார். நாலு நாள் மூடியிருந்தது. ஐந்தாம் நாள் கேன்டீன் வாசலில் இரண்டையும் திறந்து, இரண்டுக்கும் ஒரே மாதிரி காற்றுக் குழாய் விட்டு, பத்துப் பத்து இறால் குஞ்சுகளைப் போட்டார்கள். பழைய டிரம்மில் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஆறு புரண்டன. டீ நேரத்துக்குப் பத்தும் போயின. புது டிரம்மில் பத்தும் மீசையை ஆட்டிக்கொண்டு ஓடின. மறுநாளும் ஓடின. அதற்கு மறுநாளும்.

வசந்தகுமார் வந்து எட்டிப் பார்த்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "நானும் இதைத்தான் சஸ்பெக்ட் பண்ணேன்" என்றான். பிறகு வரதனைப் பார்த்து, "இதெல்லாம் முதல்லயே கவனிக்க வேணாமா?" என்று அதட்டினான். அமானுல்லாவிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. தண்ணீர் எப்போது வரும் என்று மட்டும் கேட்டான்.

அடுத்த வாரமே ஜப்பான்காரர்கள் வந்துவிட்டார்கள். புதுத் தண்ணீர் ஊற்றிப் புது மீன் விட்டு, தொட்டிக்கு விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். வந்த நாலு பேரில் ஒருவர் கூடத் தொட்டியைப் பார்க்கவில்லை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே அதைக் கடந்து போனார்கள். ஒருவர் மட்டும் தொட்டிக்கு முன் நின்று, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார். குணா என்கிற செக்யூரிட்டி இதைச் சொல்லச் சொல்ல, பிரின்சி சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கேன்டீனில் வாய்விட்டுச் சிரித்தாள்.

அடுத்த மாதம் கொட்டகையில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். கடல் தண்ணீர் சேமிக்கும் முறை, ஆங்கிலத்தில், பன்னிரண்டு வரி. தயாரித்தவர்: வசந்தகுமார். அதில் ஏழாவது வரியில் டிரம்மைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று இருந்தது. படிக்கத் தெரிந்த ஒருவனிடம் அர்த்தம் கேட்டுவிட்டு, பிரின்சி அந்த வரியின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டினாள். யாரும் எடுக்கவில்லை, ஏனென்றால் யாரும் படிக்கவில்லை.

அமானுல்லா சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்த பிரின்சியை எட்வர்ட்டோடு பழவேற்காட்டுக்குச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அவர் மனைவி ஜாஹிதா இறால் பிரியாணி செய்திருந்தாள். சாப்பிடும் முன்பே பிரின்சி வீட்டுப் பின்பக்கம் போய் அவருடைய கேன்களையும் டிரம்களையும் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். பதினாலில் பதினொன்றைத் தனியாக உருட்டிவிட்டாள். ஒன்றில் ஆசிட் வாடை. ஒன்றின் மூடியில் துரு. இரண்டில் டீசல். நாலில் அடி விரிசல். மூன்று டிரம் வெளிச்சம் உள்ளே போகிற மெல்லிய ரகம், பாசி பிடித்துப் பச்சையாகக் கிடந்தன.

"பாய், உங்களுக்காகப் பேசினேன்னு உங்க டப்பா எல்லாம் ஒசத்தின்னு நெனச்சிக்கினீங்களா? அந்தாளு மீனைக் கொன்னது அவன் டிரம்மு. அள்ளின அன்னிக்கே கொண்டாந்து ஊத்தினதால தப்பிச்சீங்க, இதுலயே நாலு நாள் வெச்சிருந்தா நீங்களே கொன்னிருப்பீங்க."

அமானுல்லா முகம் சுண்டிப் போனது. "அக்கா, பதினொண்ணையும் தூக்கிப் போட்டா நான் எதுல தண்ணி எடுப்பேன்?"

"நல்லதுல எடுங்க."

ஜாஹிதா சமையல்கட்டிலிருந்து சத்தமாகச் சிரித்தாள். "மூணு வருஷமா நானும் அதத்தான் சொல்றேன். பொண்டாட்டி சொன்னா காதுல ஏறாது" என்றாள். பிரின்சிக்கு அவளை உடனே பிடித்துப் போனது. மதிப்பு வைத்தவர்களின் கணக்கில் ஒருத்தி கூடினாள்.

அன்றிலிருந்து அமானுல்லா புது டிரம் எடுக்கிறபோதெல்லாம் பிரின்சி வந்து மோந்து பார்த்துச் சரி என்றால்தான் எடுப்பார். விஷயம் கொளத்தூர் வரை போய், கடைக்காரர்கள் அவள் எண்ணுக்கு அழைக்கத் தொடங்கினார்கள். காலி பெயின்ட் டப்பாவில் வைக்கலாமா, பினாயில் கேன் நன்றாகக் கழுவினால் ஆகுமா என்று கேட்பார்கள். "நீ அதுல சாம்பார் வெச்சிச் சாப்பிடுவியா? அப்ப மீன் மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். மறுபடியும் அழைப்பார்கள்.

இப்போதும் அவள் அதே அரவை மெஷினில்தான் நிற்கிறாள். கான்ட்ராக்ட் ஆள்தான். வேலையை நிரந்தரமாக்குவது பற்றி வசந்தகுமார் யோசிக்கிறேன் என்று சொல்லி எட்டு மாதம் ஆகிறது. யோசிக்கிற ஆளைப் பார்த்தால் தெரியாதா என்கிறாள் பிரின்சி. எட்வர்ட் மட்டும் அவள் ரயில் ஏறுகிற மீஞ்சூர் ஸ்டேஷனில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் என் வீட்டுக்காரி மீன் டாக்டர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் பிளாட்பாரத்தில் நாலு அடி தள்ளி நின்றுகொள்வாள், இந்த ஆளை எனக்குத் தெரியாது என்பது போல.