ஜிபிஎஸ்ல வந்த சீன எழுத்து

டெல்லியில சீன மொழி ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். லீவுக்கு ஜெகதாப்பட்டினம் வந்திருக்கேன்.

இன்னைக்குக் காலையில சித்தப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கத் துறைமுகம் போனா, அவரோட விசைப்படகு மட்டும் கிளம்பாம நிக்குது. யாரோ எதையோ அமுக்கி, ஜிபிஎஸ் முழுக்கச் சீன மொழிக்கு மாறிடுச்சாம்.

"எல்லைக்கோடு எங்கிட்டு இருக்குன்னு தெரியாமப் போயி இலங்கை நேவிகிட்ட மாட்டுறதுக்கா? நான் வரலைங்க"ன்னு டிரைவர் அண்ணன் இறங்கிட்டார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். "ஏறு ஆத்தா. இது நீ படிக்கிற எழுத்தான்னு பாரு."

ஏறி ஜிபிஎஸ் முன்னாடி நின்னேன். தப்பா அமுக்கி, மீன் கிடைக்கும்னு சித்தப்பா அதுல குறிச்சு வச்ச இடமெல்லாம் அழிஞ்சுட்டா?

மெனுவைத் திறந்து ஒவ்வொரு வரியாப் படிச்சேன். கடைசிக்கு முந்தின வரியில 'யூயென்'னு இருந்துச்சு. மொழின்னு அர்த்தம். முதல் செமஸ்டர்ல படிச்ச வார்த்தை! அமுக்கினேன். இங்கிலீஷ் வந்துடுச்சு!

படகே கைதட்டுச்சு. "எங்க அண்ணன் மக!"ன்னு சித்தப்பா போட்ட சத்தம் ஐஸ் ஃபேக்டரி வரைக்கும் கேட்டிருக்கும். டிரைவர் அண்ணன் சிரிச்சுக்கிட்டே ஏறினார். நான் கரையில இறங்கி, படகு கண்ணுக்கு மறையுற வரைக்கும் நின்னு பார்த்தேன்.

இப்போ வீட்டு வாசல்ல ஒரு அக்கா, சீனாவுல இருந்து வந்த முகக் க்ரீமோட நிக்கிறாங்க. அதுல பாதி எழுத்து எனக்கே தெரியல.

நம்ம டிபார்ட்மெண்ட் சீனியர்ஸ் யாராவது ஆன்லைன்ல இருக்கீங்களா? மானம் போகுறதுக்குள்ள வாங்க!