ஐயா சொன்ன பாடம்

பிழை பிழையாய்த்தான் எழுதுவேன், மறதியும் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வெளிநாட்டில், வுப்பர்டால் நகரில், என் மகன், தான் வளர்த்த கஞ்சாப் பூக்களைச் சோளமடலில் இறுக்கிச் சுற்றி, பாரம் ஏற்றிப் புளிக்க வைத்திருந்தான்.

“மணக்குதோ அம்மா? இப்ப இது இங்க சட்டப்படிதான்.”

எனக்கு மணந்தது, ஊரில் என்னைப் பெற்ற ஐயாவின் புகையிலைக் கொட்டில்.

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும், மேலே படிக்க விடுவீர்களா என்று ஐயாவைக் கேட்டேன்.

“ஓம் பிள்ளை, நாளையிலயிருந்து உனக்குப் பாடம்” என்றார்.

விடிய, இரட்டைப் பின்னலும் வெள்ளைச் சட்டையுமாய் வந்து நின்றேன். கொட்டிலுக்குக் கூட்டிப்போனார். புகையிலையை அடுக்கி, பாரம் ஏற்றிப் பதப்படுத்துவதையும் எங்கள் ஊரில் பாடம் போடுவது என்றுதான் சொல்வார்கள்.

“நான் பொய்யே சொன்னனான்?” என்று ஐயா சிரித்தார். அண்ணன் புத்தகங்களோடு வாசல் படலையைத் தாண்டிப் போனான்.

இரண்டு பாடத்துக்கும் ஒரே எழுத்துத்தானா? படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.