ஓட்டை வைத்த பெட்டி

கண்டியில் ஒரு கடையில் சப்வூஃபர் ஸ்பீக்கருக்குப் பெட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் கூட வந்திருந்தார்.

"மூடின பொட்டின்னா சத்தம் அடக்கமா இருக்கும். ஓட்டை வச்சதுன்னா தெருவுக்கே கேக்கும்," என்றார் கடைக்காரர். புதுப் பலகையின் வாசனை மூக்கில் ஏறியது.

அப்பா செய்த பெட்டியில் தேயிலை மணக்கும். கலஹா தோட்டத்திலிருந்து கொண்டுவந்த தேயிலைப் பெட்டியை அறுத்து, குண்டசாலை வாடகை வீட்டில் ஸ்பீக்கருக்குப் பெட்டி அடித்தார். கீழே வட்டமாக ஓர் ஓட்டை. பாட்டைப் போட்டுவிட்டு என் உள்ளங்கையை அதன் முன்னால் பிடிப்பார். மேளம் அடிக்கும்போதெல்லாம் கையில் காற்று வந்து மோதும்.

எண்பத்து மூன்றில் கலவரம் மூண்டு, ஊரடங்கில் அடைந்து கிடந்த நாட்களிலும் அவர் கெசட் பாட்டை நிறுத்தவில்லை. சத்தத்தைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான். பாட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தது. மேளம் மட்டும் சுவரைத் தாண்டிப் போனது.

"நிப்பாட்டுங்க. தமிழ் வீடுன்னு தெரிஞ்சிடும்," என்றார் அம்மா.

"வெறும் மேளந்தானே கேக்குது? மேளத்துக்கு என்னா பாஷை?"

அம்மா தன் பச்சைச் சேலையைச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்தார். மேளம் அடங்கிப்போனது.

கலவரம் ஓய்ந்தது. பிறகு போர் வந்தது. அந்தச் சேலையை யாரும் வெளியே எடுக்கவேயில்லை.

"ஓட்டை வச்சதையே குடுங்க," என்றேன் கடைக்காரரிடம், கொஞ்சம் உரக்கவே.

அம்மா குனிந்து அந்த ஓட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டுப் பார்த்தார்.

"இதுக்கு ஒரு சேலை பத்தாது," என்றார்.